அண்ணலை வளர்த்த இராம்ஜி சக்பால்

(மேச்சேரியில் நடைபெற்ற நம் கல்விச் சங்க வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

நம் சங்கத்து மேடைகளில் அண்ணல் அம்பேத்கரைப் பற்றிப் பேசாத விழா இல்லை. அவர் பெற்ற பட்டங்களை நம் பள்ளிப் பிள்ளைகளும் ஒப்புவிப்பார்கள். எனவே இந்த வெள்ளி விழாவில் அவரைப் பற்றிப் பேசாது, அவருடைய தந்தையார் இராம்ஜி மாலோஜி சக்பால் அவர்களைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறோம். கணவராக, தந்தையாக, பாட்டனாராக வாழ்ந்து மறைந்த ஒரு குடும்பத் தலைவரின் வரலாறு இது. இந்த மன்றத்தில் அமர்ந்திருக்கும் தந்தையரையும் தாயரையும் கருதியே இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

மேச்சேரி வானம் பார்த்த பூமி. சோளமும் நிலக்கடலையும் விளையும் மேட்டுக்காடுகளில் கூலிக்கு உழைத்தும், ஆடு மேய்த்தும், தறியில் அமர்ந்தும், மேட்டூர் ஆலைகளுக்கு நடையாய் நடந்தும் பிள்ளைகளை வளர்த்தவர்கள் நம்மவர்கள். "நாங்களோ படிக்காதவர்கள், பிள்ளையின் படிப்புக்கு நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்று நம் பெற்றோர் கேட்பதை இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அந்தக் கேள்விக்கு விடை தேடும்போது இராம்ஜி சக்பாலின் வாழ்க்கை நமக்குத் துணைக்கு வருகிறது.

மராட்டிய நாட்டின் இரத்தினகிரி மாவட்டத்தில் அம்பவடே என்பது ஒரு சிற்றூர். அவ்வூரைச் சேர்ந்த மகர் குடும்பம் அவருடையது. ஊரின் தாழ்ந்த வேலைகளையெல்லாம் தலையில் சுமத்தி, ஊருக்குப் புறம்பே நிறுத்தப்பட்ட சமூகம் அது. தந்தை மாலோஜி பட்டாளத்தில் பணியாற்றியவர். இராம்ஜியும் பட்டாளத்தில் சேர்ந்தார். இங்கே நாம் ஒன்றைக் கருத வேண்டும். அக்காலத்து ஊர்ப் பள்ளிகளின் வாசற்படியை மகர் பிள்ளைகள் மிதிக்க இயலாது. பட்டாளத்திலோ சிப்பாய்களும், ஆண் பெண் என்ற வேறுபாடின்றி அவர்தம் பிள்ளைகளும் கட்டாயம் படிக்க வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தது. அந்தக் கதவு திறந்திருந்ததனால் இராம்ஜி படித்தார். ஆசிரியப் பயிற்சி பெற்றார். பதினான்கு ஆண்டுகள் படைப்பள்ளியின் தலைமையாசிரியராக விளங்கினார். சுபேதார் நிலைக்கு உயர்ந்தார். மௌ நகரத்துப் படைமுகாமில் இருந்தபோதுதான், 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், அவருடைய பதினான்காவது பிள்ளையாக பீமராவ் பிறந்தார்.

மறுஆண்டையொட்டி அரசு ஒரு முடிவு செய்தது. மகர் சமூகத்தாரை இனிப் படையில் சேர்ப்பதில்லை என்பதே அது. பட்டாளத்து வேலை போவதோடு பட்டாளத்துப் பள்ளியும் போய்விடும் என்பதை இராம்ஜி உணர்ந்தார். நீதிபதி ரானடே அவர்களின் துணையை நாடி, அம்முடிவை எதிர்த்து விண்ணப்பம் செய்ய முயன்றார். தாம் ஏறி வந்த ஏணியைத் தமக்குப் பின்னால் வருபவர்களிடமிருந்து எடுத்துவிடக் கூடாது என்று நினைத்த மனிதர் அவர்.

1894ஆம் ஆண்டில் பணி ஓய்வு பெற்றுக் குடும்பத்தோடு முதலில் தபோலிக்கும் பின்னர் சாத்தாராவுக்கும் வந்தார். இல்லறத்தில் அவர் மிகுந்த ஒழுக்கமுடையவர். கபீரின் நெறியைப் பின்பற்றியவர்; மதுவையும் புலாலையும் விலக்கியவர். காலையும் மாலையும் பிள்ளைகளை அமர்த்திப் பக்திப் பாடல்களைப் பாடச் செய்வார். வீட்டுக்கு வரும் சுற்றத்தார் கேட்கும்படி, பாரதத்தையும் இராமாயணத்தையும் நாள்தோறும் பிள்ளைகளே படிக்க வேண்டும்.

ஒருநாள் பீமராவ் தந்தையை நோக்கி ஒரு கேள்வி கேட்டார். மேற்குலத்தாரின் பெருமையைப் பாடி, நம்மைத் தாழ்த்துகின்ற இந்த நூல்களை நாம் ஏன் படிக்க வேண்டும் என்பதே அந்தக் கேள்வி. தீண்டத்தகாதவர் என்று இகழப்படுவதால் உங்கள் மனத்தில் தாழ்வெண்ணம் வேர்விட்டுவிடக் கூடாது. துரோணரும் கர்ணனும் எளிய நிலையிலிருந்து எத்துணை உயரத்துக்கு வந்தார்கள் என்று பாருங்கள். வான்மீகியின் குலத்தையும் எண்ணிப் பாருங்கள் என்ற பொருள்பட இராம்ஜி விடை கூறினார். அந்த விடை மகனுக்கு நிறைவு தரவில்லை. அந்தப் பாத்திரங்களில் எவரையும் தமக்குப் பிடிக்கவில்லை என்று மகன் மேலும் வாதிட்டார். தந்தை அவரை அதட்டவில்லை, அடிக்கவுமில்லை, மறுமொழி கூறாது அமைந்தார். இந்த உரையாடலைத் தம் இறுதி ஆண்டில் அண்ணலே எழுதி வைத்திருக்கிறார். எதிர்த்துக் கேட்கும் பிள்ளையை வாய்மூடச் செய்யாத தந்தையர் நம்மில் எத்தனை பேர் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக!

மௌவிலும் தபோலியிலும் அவரோடு துன்பத்தைப் பங்கிட்டுக்கொண்டவர் மனைவியார் பீமாபாய். பெற்ற பிள்ளைகளில் பலரை இளமையிலேயே மண்ணுக்குக் கொடுத்த தாய் அவர். 1896ஆம் ஆண்டையொட்டிச் சாத்தாராவில் அவர் காலமானபோது பீமராவ் அறியாச் சிறுவன். தாயை இழந்த பிள்ளைகளை இராம்ஜியின் தமக்கையார் மீராபாய் மார்போடு அணைத்து வளர்த்தார்.

பின்னர் இராம்ஜி மறுமணம் செய்துகொண்டார். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. பெற்ற தாயின் நகைகளைச் சிற்றன்னை அணிந்திருந்ததைக் கண்டு பீமராவின் உள்ளம் கசந்தது. தந்தையின் சோற்றை உண்ணாமல் தாமே உழைத்துப் பிழைப்பது என்று முடிவு செய்தார். சாத்தாராச் சிறுவர்கள் பம்பாய்ப் பஞ்சாலைகளில் வேலை பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். வழிச்செலவுக்காக அத்தையின் இடுப்புப் பையை எடுக்கப் பல இரவுகள் முயன்று, கடைசியில் எடுத்தும் விட்டார். திறந்து பார்த்தால் உள்ளே இருந்தது அரையணா! அந்த அரையணா அவரை வெட்கப்படச் செய்தது. அன்றுதான், விரைவாகப் படித்துத் தேறித் தம் காலில் நிற்பது என்று மனத்தை மாற்றிக்கொண்டார். பையில் நான்கு ரூபாய் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் நெஞ்சு நடுங்குகிறது. நம் சேலம், நாமக்கல், ஈரோட்டுப் பக்கத்துத் தறிகளுக்கும் நூற்பாலைகளுக்கும் பள்ளியை விட்டுச் சென்ற நம் பிள்ளைகள் பலரின் பையில் அந்த நான்கு ரூபாய் இருந்துவிட்டது. சில வேளைகளில் அதைப் பெற்றோரே முன்பணமாக வாங்கியும் விட்டோம்.

பாட்டனார் என்ற நிலையிலும் இராம்ஜியைக் காண்போம். அவருடைய மூத்த மகள் ஒருத்தி இரண்டு ஆண்மக்களை விட்டுவிட்டு இறந்தாள். அந்தப் பேரப்பிள்ளைகளை அவர் தம் வீட்டிலேயே தம் மக்களோடு சேர்த்து வளர்த்தார். அப்போது பஞ்சகாலம். பட்டினியால் வாடிய மக்களுக்கு வேலை கொடுப்பதற்காகக் கோரேகாவ் என்னுமிடத்தில் அரசு ஏரி வெட்டிக்கொண்டிருந்தது. அங்கே காசாளராகப் பணியேற்றிருந்த இராம்ஜி, 1901ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் பிள்ளைகளைத் தம்மிடம் வருமாறு எழுதினார். புதுச் சட்டையும் பளபளக்கும் தொப்பியும் புதுச் செருப்பும் அணிந்து, முதன்முதலாகப் புகைவண்டி ஏறி, அப்பாவைக் காணப் போகிறோம் என்ற களிப்போடு சிறுவர்கள் மசூர் நிலையத்தில் இறங்கினார்கள். அழைத்துச் செல்ல ஒருவரும் வரவில்லை. அவர்கள் எழுதிய கடிதம் தந்தையின் கைக்குச் சேரவில்லை.

மகர் பிள்ளைகள் என்று தெரிந்தவுடன் நிலையத் தலைவரின் முகம் மாறியது. வண்டிக்காரர்கள் எவரும் ஏற்றிச் செல்ல ஒப்பவில்லை. இருமடங்கு கூலி கொடுத்து, சிறுவர்களே மாட்டை ஓட்ட, வண்டிக்காரன் பக்கத்தில் நடந்துவர, அப்படித்தான் அந்தப் பயணம் தொடங்கியது. கையில் சோறு இருந்தது. குடிக்க ஒரு வாய் தண்ணீர் தருவார் இல்லை. பசியோடும் அச்சத்தோடும் இரவைக் கழித்து, மறுநாள் முற்பகலில் தந்தையிடம் போய்ச் சேர்ந்தார்கள். தீண்டாமையின் முழுக் கொடுமையும் தம் மனத்தில் பதிந்தது அந்தப் பயணத்தில்தான் என்று அண்ணல் பிற்காலத்தில் எழுதினார். தவிப்போடு வந்து நின்ற மக்களையும் பேரனையும் கண்ட இராம்ஜியின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! எத்துணைப் பாதுகாப்பாக வளர்த்தாலும் வீட்டு வாசலைத் தாண்டியதும் பிள்ளையைக் காக்கும் ஆற்றல் தமக்கு இல்லை என்பதை ஒரு தந்தை அன்று அறிந்தார். அதை அறியாத தந்தை நம் சேரிகளில் எவரும் இலர்.

1904ஆம் ஆண்டில் குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தது. ஆலைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த பரேல் பகுதியில், தபக் சால் என்னும் வரிசைக் குடியிருப்பில் ஒரே ஓர் அறை. சமையலும் அங்கேதான், உறக்கமும் அங்கேதான், படிப்பும் அங்கேதான். தட்டுமுட்டுச் சாமான்களும் அடுப்புப் புகையும் நிறைந்த அந்த அறையில் இருவர் கால் நீட்டிப் படுக்க இடமில்லை. இராம்ஜி ஒரு வழி கண்டார். மாலையிலேயே மகனைத் தூங்கச் சொல்லிவிட்டுத் தாம் விழித்திருப்பார். இரவு இரண்டு மணிக்கு மகனை எழுப்பி, விளக்கின் முன்னே உட்கார வைத்துவிட்டு, மகன் எழுந்த அதே இடத்தில் தாம் படுத்துக்கொள்வார். பீமராவ் விடியும்வரை படிப்பார். எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர் இவ்வாறுதான் படித்தார்.

பெரியோர்களே, இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. ஓர் இடமும் ஒரு விளக்கும் தம் தூக்கத்தில் பாதியும் போதுமானவையாக இருந்தன. படிக்காத தந்தையாலும் இதைச் செய்ய முடியும்.

ஆனால் புத்தகத்துக்குப் பணம் வேண்டும். பீமராவுக்கோ பாடநூல்களோடு நின்றுவிடாத புத்தகப் பசி. மகன் ஒரு நூலைக் கேட்டால் இராம்ஜி இல்லையென்று சொல்லமாட்டார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மணமாகி அதே நகரில் வாழ்ந்த இளைய மகளின் வீட்டுக்குச் செல்வார். அங்கே பணம் இல்லையென்றால் மூத்த மகளின் வீட்டுக்குச் செல்வார். அவளிடமும் பணம் இராது. திருமணத்தில் தந்தை போட்ட நகை ஒன்றை அவள் கழற்றிக் கொடுப்பாள். அதை மார்வாடியிடம் அடகு வைத்துப் புத்தகம் வாங்கி வருவார். மாதம் பிறந்து ஓய்வூதியம் வந்ததும் நகையை மீட்டு மகளிடம் சேர்த்துவிடுவார். அடுத்த புத்தகத்துக்கு அதே நகை மீண்டும் கடைக்குப் போகும்.

இந்நிகழ்ச்சியைச் சொல்லும் பேச்சாளர்கள் தந்தையைப் போற்றி அமைவது வழக்கம். நாம் அந்த மகள்களையும் நினைக்க வேண்டும். மஞ்சுளா, துளசி என்பன அச்சகோதரிகளின் பெயர்கள். உலகம் போற்றும் ஓர் அறிஞனின் முதல் நூலகம் அவர்களுடைய நகைகளின் மேல் எழுந்தது. ஆனால் உயர்நிலைப் பள்ளியும் கல்லூரியும் அவர்களுக்கு இல்லை. இளம் வயதில் மணம் முடிந்தது. அடுப்படியே அவர்களுக்கு உலகமாயிற்று. இராம்ஜியின் மீது குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. அது அந்தக் காலத்தின் குறை. ஆயினும், அது நம் காலத்தின் குறையாகவும் தொடருமானால் நமக்கு மன்னிப்பில்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் கட்டணம் கட்ட முடியவில்லை என்னும் நாளில், நம் வீடுகளில் நிறுத்தப்படுவது எப்போதும் பெண்ணின் படிப்பாகவே இருக்கிறது. அண்ணனின் கல்லூரிக்காகத் தங்கையின் கம்மல் அடகுக்குப் போகிறது. "அவள் இன்னொரு வீட்டுக்குப் போகிறவள்தானே" என்று அமைதியும் கூறிக்கொள்கிறோம். வெள்ளி விழாக் கொண்டாடும் இச்சங்கம், தன் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் முதற்கடனாக மஞ்சுளாவுக்கும் துளசிக்கும் பட்ட கடனைத் தீர்க்க வேண்டும் என்று வேண்டுகிறோம்.

மகன் ஒரு தேர்வில் வெற்றி பெற்றபோது, சமூகத்தார் பாராட்டுக் கூட்டம் நடத்த விரும்பினார்கள். இராம்ஜி முதலில் இசையவில்லை. பையனுக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்று அஞ்சினார். அவருடைய நண்பரும் அறிஞருமான கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் எடுத்துச் சொன்ன பின்னரே இணங்கினார். அக்கூட்டத்தில் கேளுஸ்கர், தாம் எழுதிய புத்தர் வரலாற்றைச் சிறுவனுக்குப் பரிசாக வழங்கினார். அந்தச் சிறிய பரிசு ஊன்றிய வித்து, 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பெருமரமாகக் காட்சியளித்தது. நம் சங்கம் பிள்ளைகளுக்கு எவர்சில்வர் தட்டுகளைப் பரிசாகக் கொடுப்பதை நிறுத்திப் புத்தகங்களைக் கொடுக்கத் தொடங்கியது எத்துணைச் சரியான செயல் என்பதை இதனால் அறியலாம்.

1907ஆம் ஆண்டில் பீமராவ் மெட்ரிகுலேஷன் தேறினார். பைக்குல்லா மீன்சந்தையின் திறந்த கொட்டகையில், கடைகள் மூடிய இரவு வேளையில், ரமாபாயோடு அவருடைய திருமணம் நடந்தது. மண்டபம் பிடிக்க வழியில்லாத குடும்பம் அது. பின்னர்ப் பரோடா மன்னர் சாயாஜிராவ் மாதம் இருபத்தைந்து ரூபாய் உதவித்தொகை வழங்க, எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்து 1912ஆம் ஆண்டில் பி.ஏ. பட்டம் பெற்றார். அதே ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் யஷ்வந்த் பிறந்தான். பட்டதாரி மகனையும் அம்மகனுக்குப் பிறந்த பேரனையும் ஒருங்கே காணும் பேறு இராம்ஜிக்குக் கிட்டியது. பேறு கிட்டியதே தவிர, காலம் கிட்டவில்லை.

1913ஆம் ஆண்டு ஜனவரியில் பீமராவ் பரோடா சமஸ்தானத்து வேலையில் சேரச் சென்றார். மகன் அங்கே செல்வதைத் தந்தை விரும்பவில்லை. சென்ற சில நாள்களிலேயே தந்தைக்கு நோய் கடுமை என்று தந்தி வந்தது. உடனே புறப்பட்ட மகன், வழியில் சூரத் நிலையத்தில் தந்தைக்காக இனிப்பு வாங்க இறங்கினார். அதற்குள் வண்டி சென்றுவிட்டது. மறுநாள்தான் பம்பாய் வந்து சேர முடிந்தது. யாருக்காகக் காத்திருந்தனவோ, அந்த மகனைக் கண்டன தந்தையின் கண்கள். மெலிந்த கையால் மகனின் முதுகைத் தடவினார். சிறிது நேரத்தில் ஆவி பிரிந்தது. அன்று 1913 பிப்ரவரி 2. இனிப்பு வாங்கப் போய்த் தந்தையோடு இருக்க வேண்டிய மணிநேரங்களை இழந்தோமே என்ற துயரம் மகனுக்கு வாழ்நாளெல்லாம் இருந்திருக்கும். பேரன் யஷ்வந்துக்கு அன்று இரண்டு மாதமும் நிறையவில்லை.

அவ்வாண்டிலேயே பீமராவ் பரோடா மன்னரின் உதவியோடு நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். தந்தை அதைக் காணவில்லை. 1930ஆம் ஆண்டு நம் தமிழகத்து இரட்டைமலை சீனிவாசன் அவர்களோடு அண்ணல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்ததையும் காணவில்லை. அரசியலமைப்புச் சட்டத்தை வரைந்த குழுவுக்குத் தலைமை தாங்கியதையும் காணவில்லை. மரம் வைத்தவர் நிழலில் அமரவில்லை. ஆனால் மகன் மறக்கவில்லை. 1923ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்த ரூபாய்ச் சிக்கல் பற்றிய தம் ஆராய்ச்சி நூலைத் தாய்தந்தையரின் நினைவுக்கே படைத்தார். தம் கல்விக்காக அவர்கள் செய்த தியாகத்தையும் அதில் அவர்கள் காட்டிய தெளிவையும் நன்றியோடு அங்கே குறித்தார். அவர் தியாகத்தை மட்டும் கூறவில்லை, தெளிவையும் கூறினார் என்பதை நீங்கள் மனத்திற்கொள்ள வேண்டும். பிள்ளைகளுக்காகத் தியாகம் செய்யாத பெற்றோர் நம்மிடம் இல்லை. அந்தத் தியாகம் எதை நோக்கிச் செல்ல வேண்டும் என்ற தெளிவுதான் அரிது.

அன்புடையீர்! இராம்ஜியின் வாழ்க்கையிலிருந்து நாம் அறிவது ஒன்றே. கல்விக்கு வெளியே ஒரு கதவும் உள்ளே ஒரு விளக்கும் வேண்டும். படைப்பள்ளியின் கதவு திறந்திராவிடில் இராம்ஜி எழுத்தறியாதவராகவே இருந்திருப்பார். பரேல் அறையில் விளக்கு எரிந்திராவிடில் எல்பின்ஸ்டன் பள்ளியின் கதவு திறந்திருந்தும் பயன் இராது. கதவைத் திறப்பது சங்கத்தின் கடமை, அரசின் கடமை. விடுதியும் உதவித்தொகையும் நம் உரிமை. அவற்றைப் போராடியும் பெறுவோம். விளக்கைக் காப்பது மட்டும் வீட்டின் கடமை. அதை எந்தச் சங்கமும் செய்து தர இயலாது.

ஆகவே இங்குள்ள ஒவ்வொரு தந்தையையும் தாயையும் நாம் கேட்பது பெரிதன்று. உங்கள் வீட்டில் படிக்கும் பிள்ளைக்கென்று ஓர் இடம் இருக்கட்டும். அந்த இடத்தில் இரவில் கூச்சலும் குடியும் இல்லாதிருக்கட்டும். பாடம் உங்களுக்குப் புரியாவிட்டாலும் அருகில் விழித்திருங்கள். மகனுக்கு எரியும் விளக்கு மகளுக்கும் எரியட்டும். பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டன்மாரும் பாட்டிமாரும் இந்த மன்றத்தில் பலர் இருக்கிறீர்கள். தாயற்ற பேரர்களைத் தம் பிள்ளைகளோடு படிக்க வைத்த அந்தப் பாட்டனாரை நினைத்துக்கொள்ளுங்கள்.

இராம்ஜி சக்பாலுக்குக் கோட்டங்கள் பல இல்லை. நடுஇரவில் நம் தெருவில் ஒரு வீட்டில் விளக்கு எரிவதைக் காணும்போது, அங்கே அவர் விழித்திருக்கிறார் என்று நாம் எண்ணிக்கொள்வோம். அந்த விளக்குகள் மேச்சேரியில் பெருகட்டும்.